தில்லியின் குழு அறையும் ராஜபாளையத்துக் காற்றாடியும்

(தொடர் – 14)

திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் நெடுஞ்சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டி இருக்கிறது மடவார் வளாகம். வைத்தியநாத சுவாமி கோவிலை நடுவில் வைத்து வளர்ந்த பகுதி. ஒரு பக்கம் ஆண்டாள் கோவில் கோபுரம், பால்கோவாக் கடைகள், கைத்தறி நெசவுத் தெருக்கள். தெற்கே பஸ் ஏறினால் சற்று நேரத்தில் ராஜபாளையம்: நூற்பாலைகள், பஞ்சுக் கிட்டங்கிகள். அதற்குக் கிழக்கே சத்திரப்பட்டி, சமுசிகாபுரம், அய்யன்கொல்லங்கொண்டான் என்று விசைத்தறியில் பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் நெய்யும் ஊர்கள். இன்னும் தெற்கே சங்கரன்கோவில், தென்காசிப் பக்கம் போனால் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்றுக்காகக் காத்து நிற்கும் காற்றாடிகள்.

பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய கதையைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அந்தக் காலத்தில் ஆலை தொடங்க முதல் வேண்டும், இயந்திரம் வேண்டும், பஞ்சு வேண்டும். அவ்வளவுதான். சுதந்திரத்துக்குப் பிறகு தில்லியும் வேண்டியதாயிற்று. எத்தனை கதிர் போடலாம், எந்தத் துணியை ஆலை நெய்யலாம், எதைக் கைத்தறிக்கு விட வேண்டும், மின்சாரத்தை யாரிடம் என்ன விலைக்கு வாங்கலாம் என்பதெல்லாம் தில்லியில் போடும் சட்டத்தின் கீழ் வந்தன. அந்தச் சட்டங்கள் மக்களவையில் உரத்த குரலில் நிறைவேறியதை நாம் படித்திருக்கிறோம். அதற்கு முன்னால் பத்து இருபது பேர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து வரிவரியாகத் திருத்திய அறைகளைப் பற்றி நமது உள்ளூர் வரலாறுகள் பேசியதில்லை. இந்த வாரம் அந்த அறைகளுக்குள் போவோம்.

*

1952 தேர்தலில் இந்த வட்டாரம் ஒரு விசித்திரமான தீர்ப்பைச் சொன்னது. ராஜபாளையத்துக்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா அப்போது சென்னை மாநில முதல்வர். தம் சொந்த வீட்டையே ஊருக்கு எழுதிவைத்து காந்தி கலை மன்றம் ஆக்கியவர். அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் சட்டமன்றத் தொகுதியில் நின்று தோற்றார். அதே தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியில் நின்ற காமராஜர் வென்றார். முதலமைச்சரை வீட்டுக்கு அனுப்பிய ஊர், அவர் கட்சித் தலைவரைத் தில்லிக்கு அனுப்பியது. காமராஜர் அந்த முறை மக்களவையில் இருந்தது இரண்டே ஆண்டுகள். 1954 ஏப்ரலில் சென்னைக்கு முதல்வராகத் திரும்பிவிட்டார். அடுத்து 1957ல் இதே தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனவர் முத்துராமலிங்கத் தேவர்.

பெரிய பெயர்கள். ஆனால் ஆலைக்கும் தறிக்கும் ஆன காரியம் பெரிய பெயர்களைச் சுற்றி நடக்கவில்லை. அதற்குள் இரண்டு சட்டங்கள் உருவாகிவிட்டிருந்தன.

முதலாவது 1948ஆம் ஆண்டு மின்சார வழங்கல் சட்டம். அன்று அரசியல் நிர்ணய சபையே சட்டமன்றமாகவும் இயங்கியது. அமைச்சர் என்.வி. காட்கில் மசோதாவைக் கொண்டுவந்தார். சபை அதைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பி, திருத்தித் திரும்ப வாங்கி நிறைவேற்றியது. மாகாணத்துக்கு ஒரு மின்வாரியம் என்ற ஏற்பாடு அதில்தான் வந்தது. சென்னை அரசுக்கு இதில் அவசரம் இல்லை. பைக்காரா 1932லும், மேட்டூர் 1937லும், பாபநாசம் 1944லும் மின்சாரம் தரத் தொடங்கிவிட்டன. அரசின் மின்துறையே எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருந்தது. சட்டம் வந்து ஒன்பது ஆண்டு கழித்து, 1957 ஜூலை 1ஆம் தேதிதான் சென்னை மாநில மின்வாரியம் பிறந்தது. தில்லியில் சட்டம் போடுவது ஒன்று, இங்கே அது நடைமுறையாவது வேறொன்று என்பதற்கு இந்தக் கதையில் வரும் முதல் சாட்சி இது. இனியும் வரும்.

இரண்டாவது சட்டம் இன்னும் பெரியது. 1949 மார்ச்சில் தொழில்துறை அமைச்சர் சியாமா பிரசாத் முகர்ஜி தொழில்கள் வளர்ச்சி, கட்டுப்பாட்டு மசோதாவை வைத்தார். முக்கியமான தொழில்களில் புதிதாக ஆலை தொடங்கவும், இருப்பதைப் பெரிதாக்கவும் மத்திய அரசின் உரிமம் வேண்டும் என்பது அதன் சாரம். மசோதா தெரிவுக் குழுவுக்குப் போயிற்று. குழு நிறைய மாற்றியது. அதற்குள் 1950 ஏப்ரலில் முகர்ஜி அமைச்சரவையை விட்டு விலகினார். பின்னர் ஹரேகிருஷ்ண மஹ்தாப் பொறுப்பேற்று, மசோதாவை 1951ல் மறுபடியும் குழுவுக்கு அனுப்பினார். கடைசியில் பெயரிலிருந்த ‘கட்டுப்பாடு’ போய் ‘ஒழுங்குமுறை’ வந்தது. அக்டோபர் 1951ல் சட்டம் நிறைவேறி, 1952 மே மாதம் நடைமுறைக்கு வந்தது.

பெயர் மென்மையானதால் பிடி தளரவில்லை. ஜவுளி அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே இருந்தது. ராஜபாளையத்தில் ஒரு ஆலைக்காரர் கூடுதலாகக் கதிர் போட நினைத்தால் தில்லிக்கு விண்ணப்பம் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாற்பது ஆண்டுகள் இப்படித்தான் ஓடின. 1991 ஜூலையில் வந்த புதிய தொழிற்கொள்கைதான் பெரும்பாலான தொழில்களுக்கு இந்த உரிமத் தேவையை நீக்கியது. இரண்டு முறை குழு பார்த்த மசோதா இவ்வளவு இறுக்கமாக வெளியே வந்ததே என்று கேட்கலாம். அன்றைய நாடாளுமன்றம் நம்பியதே அந்த இறுக்கத்தைத்தான். நாடாளுமன்றத்துக்கே இல்லாத நம்பிக்கையைக் குழு உண்டாக்க முடியாது. இருக்கும் நம்பிக்கையின் முரட்டு விளிம்புகளைத் தேய்க்க முடியும், அவ்வளவுதான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நெசவாளர் குடும்பங்களில் பழைய ஆட்கள் ‘கமிட்டி’ என்று சொல்வது பெரும்பாலும் நாடாளுமன்றக் குழுவை அல்ல. அரசு நியமித்த ஆய்வுக் குழுக்களை. நித்யானந்த் கனுங்கோ தலைமையிலான ஜவுளி விசாரணைக் குழு 1954ல், கைத்தறிகளைப் படிப்படியாக விசைத்தறியாக மாற்றலாம் என்றது. மறு ஆண்டே கார்வே குழு நேர் எதிர்த் திசையில் போய், ஆலைகளின் நெசவுத் திறனை இருக்கும் அளவிலேயே நிறுத்தி, கூடுதல் தேவையைக் கைத்தொழிலுக்கு விடச் சொன்னது. அதற்கு முன்பே, 1952ல், வேட்டி புடவையைக் கைத்தறிக்கே விட்டுவிட வேண்டும் என்று முதல்வர் ராஜாஜி தில்லியோடு மல்லுக்கு நின்றார். வர்த்தக அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி ஆலை வேட்டி உற்பத்திக்கு வரம்பு போட்டார். 1953ல் ஆலைத் துணி மீது கெஜத்துக்கு மூன்று பை வரி விதித்து, அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் ஒதுக்கும் சட்டம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தறிக்குக் கிடைத்த மூச்சுக்காற்று ராஜபாளையத்து ஆலைக்கு மூச்சுமுட்டலாகத்தான் இருந்திருக்கும் என்று தோன்றும். உண்மையில் அவ்வளவு இல்லை. நம் பக்கத்து ஆலைகள் பெரும்பாலும் நூல் மட்டுமே நூற்றன. கைத்தறி பிழைத்தால் நூலுக்குச் சந்தை பிழைக்கும். பம்பாய், அகமதாபாத் ஆலைகள் முகம் சுளித்த கொள்கை இங்கே இரண்டு ஊருக்கும் ஒத்துப்போயிற்று.

அரசின் ஆய்வுக் குழு அமைச்சருக்குப் பதில் சொல்கிறது. நாடாளுமன்றக் குழு அமைச்சகத்தைப் பதில் சொல்ல வைக்கிறது. இந்த வித்தியாசம் பின்னால் வரும் பகுதிக்கு முக்கியம்.

*

பதில் சொல்ல வைக்கும் வேலையை முதலில் கையில் எடுத்தது மதிப்பீட்டுக் குழு. பொதுக் கணக்குக் குழு 1921லிருந்தே உண்டு. ஆனால் அது செலவான பிறகு கணக்குப் பார்ப்பது. செலவழிக்கும் முறையையே கேள்வி கேட்க ஒரு குழு வேண்டும் என்று நிதியமைச்சர் ஜான் மத்தாய் சொல்ல, 1950 ஏப்ரலில் மதிப்பீட்டுக் குழு அமைந்தது. முதல் தலைவர் திருச்சானூரில் பிறந்த எம். அனந்தசயனம் ஐயங்கார்; அன்றைக்கு அது சென்னை மாநிலத்துச் சித்தூர் மாவட்டம். அமைச்சர்கள் இதில் உறுப்பினராக முடியாது.

குழு முதலில் கை வைத்த இடம் எது? தொழில், வழங்கல் அமைச்சகம். அடுத்து பொதுப்பணி, சுரங்கம், மின்சாரம். பிறகு ஹிராகுட், பக்ரா, தாமோதர் ஆகிய பெரிய அணைத் திட்டங்கள். புதிய நாட்டின் பெரும் பணம் போய்க்கொண்டிருந்த இடங்களே அவை. செயலாளர்களை அறைக்கு வரவழைத்து, மதிப்பீடு ஏன் இத்தனை மடங்கு ஏறியது, இயந்திரம் ஏன் வெயிலில் கிடக்கிறது என்று கேட்டார்கள். பின்னால் பல்வந்த்ராய் மேத்தா தலைவரானார். பஞ்சாயத்து ராஜ் என்றதும் நினைவுக்கு வருகிற அதே மேத்தாதான். அரசுத் தொழில் நிறுவனங்களின் அமைப்பையும் நிர்வாகத்தையும் பற்றி 1954–55ல் குழு கொடுத்த 16ஆவது அறிக்கை, அதிகாரிகளால் நிரம்பிய இயக்குநர் குழுக்களையும் அமைச்சகத்தின் தலையீட்டையும் கடுமையாகப் பேசியது.

1957ல் முந்த்ரா விவகாரம் வெடித்தது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் ஒரு தனியாரின் பங்குகளில் போய் விழுந்ததைப் பெரோஸ் காந்தி அவையில் கிழித்துப் போட்டார். 1958 பிப்ரவரியில் டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சர் பதவியிலிருந்து இறங்கினார். அரசு நிறுவனங்களுக்கென்றே தனிக் குழு வேண்டும் என்ற பழைய கோரிக்கைக்கு உயிர் வந்தது. மாநிலங்களவைக்கு அதில் இடம் உண்டா என்று இரு அவைகளும் இழுபறி போட்டதில் ஆண்டுகள் போய், 1964 மே மாதம்தான் பொதுத்துறை நிறுவனங்கள் குழு அமைந்தது. இந்தக் குழு பற்றி நீளமாக எழுதப் பொருள் உண்டு. மடவார் வளாகத்துக்கு அது அதிகம் தொடர்பில்லாதது என்பதால் தாண்டிப் போகிறேன்.

*

இத்தனை குழுக்கள் வந்தும் ஒரு குறை இருந்தது. மசோதா வந்தால் தெரிவுக் குழு அமைப்பார்கள், அறிக்கை கொடுத்ததும் கலைந்துவிடும். ஒரு துறையைத் தொடர்ந்து பார்க்கிற, பழைய கேள்வியை நினைவில் வைத்துக்கொண்டு மறுபடி கேட்கிற குழு இல்லை. இதை முதலில் பெரிய அளவில் செய்து பார்த்தவர்கள் நம் மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள். கேரள சட்டமன்றம் 1980லேயே துறைவாரியாகக் குழுக்களை அமைத்தது. தில்லி 1989ல் விவசாயம், அறிவியல், சுற்றுச்சூழல் என்று மூன்றை வைத்துத் தயங்கித் தயங்கித் தொடங்கி, 1993 ஏப்ரலில் 17 துறைசார் நிலைக்குழுக்களை அமைத்தது. 2004ல் அவை 24 ஆயின. ஒவ்வொன்றிலும் 31 பேர்: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. தொழிலுக்கு ஒன்று, எரிசக்திக்கு ஒன்று, ஜவுளி தொழிலாளர் துறையோடு சேர்ந்து ஒன்று.

கூட்டம் மூடிய அறையில். பத்திரிகையாளர் இல்லை, தொலைக்காட்சி இல்லை, கொறடா உத்தரவு இல்லை. அதனாலேயே அவையில் ஒருவரையொருவர் பார்த்துக் கத்துகிறவர்கள் இங்கே ஒரே பக்கம் நின்று அதிகாரியைக் குடைவது உண்டு. பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஏற்கிறாயா இல்லையா, இல்லையென்றால் ஏன் என்று அமைச்சகம் மூன்று மாதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பதிலையும் குழு திரும்பப் பார்த்து இன்னொரு அறிக்கை போடும். இதன் பெரிய ஓட்டை, உறுப்பினரின் பதவிக்காலம் ஒரே ஆண்டு என்பது. குறுக்கு மானியம் (ஒரு தரப்பிடம் கூடுதலாக வாங்கி இன்னொரு தரப்புக்குக் குறைத்துக் கொடுப்பது) என்றால் என்ன என்று ஒருவர் விளங்கிக்கொள்ளும்போது அவரை நிதிக் குழுவுக்கு மாற்றிவிடுவார்கள்.

எரிசக்திக் குழுவின் பெரிய சோதனை 2001 ஆகஸ்டில் வந்தது. மின்துறை அமைச்சர் சுரேஷ் பிரபு மின்சார மசோதாவை மக்களவையில் வைத்தார். 1910, 1948, 1998 ஆகிய மூன்று ஆண்டுச் சட்டங்களையும் தூக்கிவிட்டு ஒரே சட்டம். காலம் எப்படிப்பட்டது என்பதையும் நினைக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் என்ரானின் தபோல் மின்நிலையம் அந்த மாநில வாரியத்தைக் கடனில் மூழ்கடித்து, அந்த ஆண்டுதான் நின்றுபோயிருந்தது. தனியார் வந்தால் எல்லாம் சரியாகும் என்ற பேச்சும், தனியார் வந்தால் எல்லாம் போய்விடும் என்ற பேச்சும் ஒரே சமயத்தில் ஒலித்தன.

மசோதா, அசாமைச் சேர்ந்த காங்கிரஸ்காரர் சந்தோஷ் மோகன் தேவ் தலைமையிலான குழுவுக்குப் போயிற்று. அரசு பா.ஜ.க. கூட்டணியுடையது; குழுத் தலைவர் எதிர்க்கட்சி. 16 மாதம் எடுத்துக்கொண்டார்கள். மாநில அரசுகள், வாரியங்கள், தொழிற்சங்கங்கள், தொழில் அமைப்புகள் எல்லாம் வாக்குமூலம் கொடுத்தன. இடையில் அமைச்சரே மாறினார்; பிரபுவின் இடத்துக்கு அனந்த் கீதே வந்தார். 2002 டிசம்பரில் அறிக்கை வந்தது. அதன் பரிந்துரைகளில் பலவற்றை ஏற்றுத் திருத்தங்களோடு வந்த மசோதாவை மக்களவை 2003 ஏப்ரல் 9லும், மாநிலங்களவை மே 5லும் நிறைவேற்றின. ஜூன் 10 முதல் அது சட்டம்.

தாமதம் என்று அன்று பலர் முணுமுணுத்தார்கள். அந்த 16 மாதத்தைத்தான் நான் இந்தக் கதையின் சிறந்த பகுதியாக நினைக்கிறேன். ஆளும் கூட்டணி கொண்டுவந்த மசோதாவை எதிர்க்கட்சித் தலைமையிலான குழு அலசியது. மறு ஆண்டே ஆட்சி மாறியது. வந்தவர்கள் சட்டத்தைக் குப்பையில் போடவில்லை. 2005 டிசம்பரில் ஒரு திருத்த மசோதா கொண்டுவந்து, அதையும் எரிசக்திக் குழுவுக்கு அனுப்பி, 2007ல் நிறைவேற்றினார்கள். அதில் முக்கியமானது, குறுக்கு மானியத்தை ‘ஒழிப்பது’ என்றிருந்த இலக்கை எடுத்துவிட்டு ‘குறைப்பது’ என்பதோடு நிறுத்தியது.

குறுக்கு மானியம் என்பது இந்த வட்டாரத்தில் ஏட்டுச் சங்கதி இல்லை. ராஜபாளையத்து ஆலை உயர் அழுத்த இணைப்பு, அதாவது எச்.டி. இணைப்பு வைத்திருக்கிறது. அது யூனிட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறது. அந்தக் கூடுதல், தேவதானம் பக்கத்து வயலில் ஓடும் இலவச மோட்டாருக்கும், ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு விளக்குக்கும் போகிறது. விவசாயிகள் அனைவருக்கும் 1990 முதல் தமிழ்நாட்டில் இலவச மின்சாரம். கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் இரண்டு மாதக் கணக்கில் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம். 2023ல் கைத்தறிக்கு 200 யூனிட்டிலிருந்து 300ஆகவும், விசைத்தறிக்கு 750லிருந்து 1000ஆகவும் அது உயர்ந்தது. அரசு தன் பங்கை வாரியத்துக்குக் கொடுக்கிறது. மீதியைப் பெரிய நுகர்வோர் சுமக்கிறார்கள். ஆக, சத்திரப்பட்டித் தறிக்காரருக்கும் ராஜபாளையத்து நூற்பாலைக்கும் நூல் வழியாக ஒரு உறவு இருப்பதுபோல, மின் கட்டண அட்டை வழியாகவும் ஒரு உறவு உண்டு. இந்த உறவு இரண்டு பேருக்கும் பிடித்தமானது என்று சொல்ல முடியாது.

*

2003 சட்டம் ஆலைக்காரருக்குக் கொடுத்த வரம் சொந்த உற்பத்தி. தன் தேவைக்கு ஒருவர் மின்நிலையம் வைத்துக்கொள்ள உரிமம் வேண்டாம். அந்த மின்சாரத்தை வாரியத்தின் கம்பி வழியே தன் ஆலைக்குக் கொண்டுபோகும்போது குறுக்கு மானியத்துக்கான கூடுதல் கட்டணமும் கிடையாது. நூற்பாலையில் பஞ்சுக்கு அடுத்த பெரிய செலவு மின்சாரம் என்பதால், இதன் மதிப்பை ஆலைக் கணக்குப்பிள்ளைகள் உடனே புரிந்துகொண்டார்கள்.

காற்றாடி அதற்கு முன்பே வந்துவிட்டது. 1986ல் தூத்துக்குடி அருகே சோதனை முயற்சி. தொண்ணூறுகளில் முப்பந்தல், ஆரல்வாய்மொழி. முதலில் இழுத்தது காற்றைவிட வருமான வரிதான். போட்ட முதலை முதல் ஆண்டிலேயே தேய்மானமாக முழுவதும் கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகை இருந்தது. லாபம் காட்டிய ஆலை, வரி கட்டுவதற்குப் பதில் காற்றாடி வாங்கியது. சிமெண்ட்காரரும் வாங்கினார், ஜவுளிக்காரரும் வாங்கினார். தெற்குச் சீமையின் வானக்கோட்டை மாற்றியது சுற்றுச்சூழல் அக்கறை என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆடிட்டர்கள் சிரிப்பார்கள்.

2003க்குப் பிறகு கணக்கு மாறியது. காற்றாடி வரி மிச்சம் என்ற நிலை போய், ஆலையின் மின்சாரமே அதுவென்றாயிற்று. இதில் வாரியத்தின் பேங்கிங் ஏற்பாடு உயிர்நாடி. காற்று மே மாதம் பிடித்து செப்டம்பர், அக்டோபர் வரை அடிக்கும். ஆலை பன்னிரண்டு மாதமும் ஓட வேண்டும். ஆனியிலும் ஆடியிலும் உபரியாக விளையும் யூனிட்டை வாரியத்தின் கணக்கில் வரவு வைத்து, காற்றில்லாத மாதத்தில் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு வாரியம் ஒரு கழிவு பிடிக்கும். எவ்வளவு பிடிக்கலாம், எந்த ஆண்டுக் காற்றாடிக்கு இந்த வசதி உண்டு என்பதை முடிவு செய்வது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம். நாடாளுமன்றக் குழுவின் கை இங்கே நீளாது.

கை நீண்டிருக்க வேண்டிய, நீளாத இடம் ஒன்று உண்டு. சொந்த உற்பத்தி என்றால் யார் சொந்தம்? நாலு ஆலை சேர்ந்து ஒரு காற்றாடிக் கம்பெனியில் பங்கு வாங்கினால் அது நாலு பேருக்கும் சொந்தமா? கூட்டாக வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொன்னது. எத்தனை பங்கு, எத்தனை யூனிட் என்று சொல்லவில்லை. அதை 2005 ஜூனில் மின்துறை அமைச்சகம் விதியாக எழுதியது. பயன்படுத்துவோர் கையில் குறைந்தது 26 சதவீதப் பங்கு; ஆண்டு உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதத்தை அவர்களே பயன்படுத்த வேண்டும். இந்த இரண்டு எண்ணும்தான் இன்றைக்கும் ஆலை முதலாளிகளும் காற்றாடிக் கம்பெனிகளும் வழக்கறிஞர்களும் கட்டிப் புரண்டுகொண்டிருக்கும் எண்கள். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் அதன் பொருள் ஓரளவு தெளிந்தது.

சட்டத்தை 16 மாதம் அலசினார்கள். சட்டத்தின் பிடி எங்கே இருக்கிறதோ அந்த விதி அமைச்சகத்தின் மேசையில் பிறந்தது. விதிகளை அவைகளின் முன் வைக்க வேண்டும் என்பது சட்டம், வைப்பார்கள். துணைநிலைச் சட்டங்களைப் பார்க்க 1953லிருந்தே ஒரு குழுவும் இருக்கிறது. ஆனால் ஆண்டுதோறும் குவியும் விதிகளில் எதை என்று அது பார்க்கும்? கொள்கையைக் குழு அறையில் செதுக்குகிறோம் என்று நாடாளுமன்றம் பெருமைப்படும்போது, 26ஐயும் 51ஐயும் நினைத்துக்கொள்வது என் வழக்கம்.

அடுத்து கம்பி. 2003 சட்டம், யாரிடம் வேண்டுமானாலும் மின்சாரம் வாங்கலாம் என்று பெரிய நுகர்வோருக்கு வழி திறந்தது. 2008 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் உயர் அழுத்த இணைப்புகளுக்கு 40 சதவீத மின்வெட்டு வந்தபோது ஆலைகள் அந்த வழியை நாடின. வழி இருந்தது, போக்குவரத்து இல்லை. வடக்கே மின்சாரம் இருந்தாலும் தெற்குக்குக் கொண்டுவரப் போதுமான தடம் கிடையாது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் தடம் இணைந்த பிறகுதான் தென்னக மின்தொகுப்பு நாட்டின் தொகுப்போடு ஒன்றாயிற்று. இடைப்பட்ட ஐந்தாண்டில் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றி ஓட்டிய ஆலைகளும், ஷிப்டைக் குறைத்த ஆலைகளும் இந்தப் பகுதியில் உண்டு. தறி ஊர்களில் கரண்டு வரும் நேரம் பார்த்துத் தூங்கி எழுந்தார்கள். சட்டம் கொடுத்த உரிமையைக் கம்பி கொடுக்கவில்லை.

*

2014க்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் முடிந்ததென்று எதுவும் இல்லை. அந்த ஆண்டு வந்த மின்சாரத் திருத்த மசோதா, கம்பி ஒருவருக்கு, விற்பனை பலருக்கு என்று பிரிக்கப் பார்த்தது. கிரித் சோமையா தலைமையிலான எரிசக்திக் குழு 2015 மே மாதம் அறிக்கை கொடுத்தது. மசோதா நிறைவேறாமலே அந்த மக்களவையோடு காலாவதியாயிற்று. 2022 ஆகஸ்ட் 8ல் இன்னொரு திருத்த மசோதா வந்தது. ஒரே பகுதியில் பல விநியோக நிறுவனங்கள் என்றது அது. லாபமுள்ள நுகர்வோரைத் தனியார் பொறுக்கிக்கொண்டு, இலவச மோட்டாரையும் தறியையும் வாரியத்தின் தலையில் விட்டுவிடுவார்கள் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். தமிழ்நாடு அரசு கடுமையாக எதிர்த்தது, முதல்வர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அறிமுகமான அன்றே மசோதாவை எரிசக்திக் குழுவுக்கு அனுப்பிவிட்டார்கள். 2024ல் மக்களவை கலைந்தபோது அது அங்கேயே முடிந்தது.

குழுவுக்கு அனுப்புவது சில சமயம் மசோதாவைச் செதுக்க. சில சமயம் அதைக் கௌரவமாகக் கிடப்பில் போட. 2022ல் நடந்தது இரண்டாவது என்று நினைக்கிறேன். தறிக்காரர்கள் பக்கமிருந்து பார்த்தால் அதிலும் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் மொத்த வழக்கமே தேய்கிறது. 15ஆவது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17ஆவதில் 16 சதவீதம்.

மசோதா போகாவிட்டாலும் குழுக்கள் சும்மா இருப்பதில்லை. அதே 2022 ஆகஸ்டில் எரிசக்திக் குழு காற்று மின்சாரம் பற்றி ஒரு அறிக்கை வைத்தது. தரையிலிருந்து 120 மீட்டர் உயரத்தில் நாட்டின் காற்று வளம் ஏறத்தாழ 695 கிகாவாட் என்று கணக்கிட்டிருக்கிறீர்கள். நிறுவியிருப்பது 40 கிகாவாட்தானே என்று அமைச்சகத்தைக் கேட்டது. கடலில் காற்றாலை வைக்க 2015லேயே கொள்கை போட்டும் ஒன்றுகூட எழவில்லையே என்றது. பழைய காற்றாடிகளை எடுத்துவிட்டுப் புதியவை வைப்பது பற்றியும் பேசியது.

கடைசி விஷயம் நம் பக்கத்துடையது. நல்ல காற்றுள்ள இடங்களை முதலில் பிடித்தவை தொண்ணூறுகளின் சின்ன இயந்திரங்கள். 225, 250 கிலோவாட். இன்று ஒரே காற்றாடி 2 மெகாவாட்டுக்கு மேல் தருகிறது. மாற்றினால் அதே நிலத்தில் பல மடங்கு மின்சாரம். ஆனால் சின்னக் காற்றாடி ஒன்றின் உரிமையாளர் வேறு, பக்கத்துக் காற்றாடியின் உரிமையாளர் வேறு. பெரிய இறக்கைக்கு வேண்டிய இடைவெளி இரண்டு பேர் நிலத்தையும் தின்னும். பழைய இயந்திரத்தைக் கழற்றினால் பழைய பேங்கிங் வசதி தொடருமா என்ற கவலை வேறு. ஓடிக்கொண்டிருக்கிறதைத் தொடுவானேன் என்று விட்டுவிடுகிறார்கள். 2023 டிசம்பரில் மத்திய அரசு இதற்கென்று புதிய கொள்கையை வெளியிட்டது. அதன் பலன் ஆணையத்தின் கட்டண உத்தரவைப் பொறுத்தது, உத்தரவு வாரியத்தின் நிதி நிலையைப் பொறுத்தது, நிதி நிலை குறுக்கு மானியத்தைப் பொறுத்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற பெயரில் இப்போது மக்களவைத் தொகுதி கிடையாது. 2009லிருந்து இந்த ஊரும் ராஜபாளையமும் தென்காசித் தொகுதிக்குள். ஆலையும், தறியும், கணவாய்க் காற்றும் ஒரே தொகுதியில் அடங்கியிருப்பது தற்செயல்தான். அந்தத் தொகுதியின் உறுப்பினர் எந்தக் குழுவில் உட்கார்கிறார் என்று தேர்தல் மேடையில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் சத்திரப்பட்டிக்குப் போவோம். வேட்டியும் புடவையும் நெய்யத் தெரிந்த தறிகள் எப்படிக் காயத்துக்குக் கட்டும் துணிக்கு வந்தன என்பது தனிக் கதை.